அம்மாவுக்கு நாலாம் வார்த்தை

முதலில் ஒரு செருமல், அப்புறம் மைக்கில் ஒரு தட்டு, அப்புறம் அதாவது வந்து. எங்கள் சபைச் செயலாளர் அதிசயராஜ் அண்ணாச்சி வாயைத் திறந்தால் இந்த வரிசை மாறவே மாறாது, இதை நான் கெமிஸ்ட்ரி லேபில் செய்து காட்டி ஒருத்தி கையிலிருந்து பிப்பெட் விழுந்து உடைந்திருக்கிறது, ஸ்கூல் வேனில் செய்து காட்டி டிரைவர் யாரோ பெரியவர் ஏறிவிட்டாரென்று திரும்பிப் பார்த்திருக்கிறார், இப்போதும் முட்டாக்குக்குள் என் உதடு அவரோடு சேர்ந்து அசைகிறது, முட்டாக்கு இந்த விஷயத்தில் ரொம்ப வசதி, துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டால் வாய் என்ன செய்கிறதென்று பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடத் தெரியாது. ஆனால் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான், பெரிய வெள்ளிக்கிழமை உபவாசம், கோயிலுக்குப் பின்னால் கொப்பரையில் கஞ்சி கொதிக்கிற வாசம் ஜன்னல் வழியாக வந்து ஒவ்வொரு பெஞ்சாக விசாரித்துவிட்டுப் போகிறது, வெள்ளைச் சேலைகளிலிருந்து பாச்சை உருண்டை நெடி வேறு. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரைக்கும் இப்படித்தான், சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஏறி விளக்குவார்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பாட்டு, ஒரு முழங்கால் ஜெபம். ஏழில் ஒன்று பெண்களுக்கு. மூன்றாவது. ஆண்டவர் தன் அம்மாவைப் பார்த்து அதோ உன் மகன் என்றும், சீஷனைப் பார்த்து அதோ உன் தாய் என்றும் ஒப்படைக்கிற வார்த்தை. அதில் ஒரு பொம்பளை இருக்கிறாள் அல்லவா, அதனால் அதைப் பொம்பளைக்குக் கொடுத்துவிடுவார்கள், எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை, ஆனால் கேட்டால் எழுதியிருக்கிற மாதிரியே பார்ப்பார்கள். இன்றைக்கு அந்த மூன்றாவது வார்த்தைக்கு ஏறி நிற்பது அதிசயராஜ் அண்ணாச்சி. எங்கள் அம்மா, லீதியா டீச்சர், இறங்கிவரும் ஆளுக்காகப் பிரசங்க பீடத்தின் படிக்குப் பக்கத்தில் நாற்காலியில் காத்திருக்கிறாள், நாலாவது வார்த்தைக்கு. இப்படி இடம் மாறியதற்கு யார் காரணம் என்று இந்தக் கோயிலில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் துப்பட்டாவுக்குள் அண்ணாச்சி மாதிரி செருமிக்கொண்டிருக்கிறாள்.

நான் பிறந்ததிலிருந்து அம்மாதான் மூன்றாவது. அதோ உன் மகன். அம்மாவுக்கு மகனே கிடையாது, நான் மட்டும்தான், கெசியா, ஒற்றைப் பிள்ளை, அதுவும் இப்படிப்பட்ட பிள்ளை, ஆனாலும் வருஷா வருஷம் அம்மா அந்த மேடையில் நின்று மகனைப் பற்றிப் பேச வேண்டும், கீழே பெஞ்சில் இருக்கிற அத்தைமார் எல்லாம் ஐயோ பாவம் என்று தலையை ஒருக்களித்துப் பார்ப்பார்கள், அந்தப் பார்வை அங்கிருந்து வழுக்கி என்மேல் வந்து விழும், நான் உடனே அந்த அத்தைமார் மாதிரியே தலையை ஒருக்களித்து அவர்களையே ஐயோ பாவம் என்று பார்ப்பேன், அவர்கள் வெடுக்கென்று பாட்டுப்புத்தகத்துக்குள் போய்விடுவார்கள், அது ஒரு சந்தோஷம். போன வருஷம் அம்மா கமிட்டியில் கேட்டாள். கத்தவில்லை, சண்டை போடவில்லை, எனக்கு நாலாவது தாருங்களேன் அண்ணாச்சி, ஏன் கைவிட்டீர் என்று ஆண்டவர் கேட்கிற வார்த்தையை ஒரு தடவை பேசிப் பார்க்கிறேனே என்று, வகுப்பில் சாக்பீஸ் கேட்கிற மாதிரிதான் கேட்டாளாம். நாலாவது எப்போதும் அதிசயராஜ் அண்ணாச்சியுடையது. அவர் செருமிவிட்டு, அதாவது வந்து டீச்சர், அது ஆழமான வார்த்தை என்றாராம். மூன்றாவது என்ன கணுக்கால் தண்ணியா என்று நான் வீட்டில் குதித்தேன், அம்மா சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே, விடு, அவிய மனசுல அப்படி இருக்கு என்றாள். அந்தச் சட்டைக் காலரை மட்டும் ரொம்ப நேரம் தேய்த்தாள். அப்பா சட்டை அது. தீய்ந்த வாசம் வந்தது, மறுநாள் அப்பா அதையே போட்டுக்கொண்டு போனார்.

செய்தது இதுதான். லெந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாச காலம், ஆரம்பித்த வாரம் பாட்டுப் பழக ஐயர் வீட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா, அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தாக வேண்டும், யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் போன பிறகு நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், ஐயரம்மா எனக்குத் தேங்காய் பிஸ்கட் எடுக்க உள்ளே போனார்கள், அவர்கள் போன் ஜன்னல் திண்டில் சார்ஜில் கிடந்தது, பூட்டே போடாத போன், உலகத்திலேயே எதையும் பூட்டாத ஒரு மனுஷி. என் கை அதற்குப் போய் அதிசயராஜ் அண்ணாச்சி நம்பரைத் தட்டியது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய், என் தொண்டைதான் யோசித்தது. ஐயரம்மா குரல் ரொம்பச் சுலபம், பஞ்சு மாதிரி ஆரம்பித்து ஒவ்வொரு சொல்லின் வாலையும் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும், மூச்சு பாதிதான் வெளியே வர வேண்டும், மீதிப் பாதியை யாருக்கோ மிச்சம் வைப்பது போல. அண்ணாச்சீ, நல்லாருக்கியளா, இந்தத் தடவை நாலாவது வார்த்தை லீதியா டீச்சருக்காம், மூணாவது உங்களுக்காம், ஐயரு சொல்லச் சொன்னாவ. அவர் செருமினார். நான் பயத்தில் அவரைப் போலவே திருப்பிச் செருமிவிடாமல் இருந்ததுதான் அன்றைக்கு நடந்த அற்புதம். சரிங்கம்மா, ஐயரு சொன்னாச் சரிதான் என்று வைத்துவிட்டார். பிஸ்கட் வந்தது, இரண்டு தின்றேன், மூன்றாவதைக் கேட்டும் வாங்கினேன். மறுநாளே பிடித்துவிடுவார்கள், கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் அடி, முடிந்துபோகும் என்றுதான் நினைத்தேன், ஆனால் யாரும் பிடிக்கவில்லை, ஏனென்றால் எங்கள் சபையில் முடிவை யார் எடுத்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, கமிட்டி இது ஐயர் முடிவு என்று நினைத்தது, ஐயர் இது கமிட்டி முடிவு என்று நினைத்தார், அம்மா இது ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று நினைத்துவிட்டாள். அதுதான் இடிக்கிறது. அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே பேசிப் பேசிப் பார்த்தாள், ரசத்துக்குப் புளி கரைக்கிற கையோடு சுவரைப் பார்த்து நின்றாள், கல்யாணமாகிப் போகிற பெண் மாதிரி இருந்தாள். இது என் தொண்டையிலிருந்து வந்த பதில் என்று அவளுக்குத் தெரிந்தால். எல்லார் முன்னாலும் தெரிந்தால். பாதி ஏறிய படியிலிருந்து இறங்கச் சொன்னால். ஐயோ, கஞ்சி வாசம்.

அண்ணாச்சி இன்னும் எருசலேமின் வெயிலிலேயே நிற்கிறார், எங்கள் வெயில் போதாதென்று. ஹெப்சிபா மதினி வந்திருந்தால் இந்நேரம் என் விலாவில் குத்தியிருப்பாள். அவள் என் அத்தை மகள், சென்னையில் எம்.ஏ. படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தவள் கோயிலுக்கு வரமாட்டேன் என்று எங்கள் வீட்டு ஃபேனுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறாள். மதினி குரல் பிடிக்கக் கொஞ்சம் கஷ்டம், அவள் கேட்கும்போதே பதிலும் சொல்லிவிடுவாள். ஏட்டி, ஒண்ணு பெண்ணியம் பேசு, இல்ல முட்டாக்குப் போடு, ரெண்டும் ஒரு தலையில நிக்காது, ஒண்ணு அடங்குன்னு சொல்லுது ஒண்ணு அடங்காதேன்னு சொல்லுது, நீ எதைக் கேப்ப? போன மாதம் வாலிபர் கூட்டத்தில் அதிசயராஜ் அண்ணாச்சியும் இதையேதான் சொன்னார், பெண்ணியம் உள்ள வந்தா விசுவாசம் வெளிய போயிரும் பிள்ளேளா, ரெண்டும் ஒரு வீட்ல குடியிருக்காது. இரண்டு பேரையும் நான் மாறி மாறிச் செய்து பார்த்தேன், கண்ணாடி முன்னால், இந்தக் கன்னத்தில் மதினி, அந்தக் கன்னத்தில் அண்ணாச்சி, கடைசியில் செருமலை எடுத்துவிட்டால் இருவரும் ஒரே ஆள். உலகத்தில் வேறெதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் இதில் மட்டும் கைகோத்துக்கொண்டு நடுவில் என் அம்மாவுக்கு உட்கார இடமில்லை என்கிறார்கள். ஆனால் அம்மா உட்கார்ந்துதான் இருக்கிறாள். விடியும் முன் சமையலறையில், கோதுமை மாவு டின்னுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, முட்டாக்குப் போட்டுக்கொண்டு, ஆண்டவரிடம் சண்டை போடுவாள். ஜெபம் என்றால் சபையில் செய்கிற தேவரீர், அடியாள் ஜெபம் இல்லை. நீரு என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீரு. என் வகுப்புல படிக்க அந்தச் சின்னப் பிள்ளை வீட்ல அப்பன் குடிச்சிட்டு வந்து அடிக்கான், நீரு பாத்துட்டுத்தான இருக்கீரு. எனக்குப் பதில் வேணும், சும்மா பொறுமை பொறுமைன்னு சொல்லாதேயும். நான் பாயில் கிடந்து கேட்பேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரிடம் சரிங்க சார், கமிட்டியில் சரிங்க அண்ணாச்சி, தாத்தாவிடம் சரிங்க மாமா, எல்லா ஆம்பளைகளிடமும் சரிங்க என்கிற அம்மா எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆம்பளை ஆண்டவர்தான். இதை மதினியிடம் சொன்னபோது, அவர் ஆம்பளைன்னு உனக்கு யாருடி சொன்னது என்றாள். யார் சொன்னது. கிறிஸ்மஸ் நாடகத்தில் திரைக்குப் பின்னாலிருந்து எக்கோ வைத்து தேவ சத்தம் பேசியது அதிசயராஜ் அண்ணாச்சிதான், அன்றிலிருந்து என் தலைக்குள் ஆண்டவர் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை செருமுகிறார். வேறு குரல் கொடுத்துப் பார்த்தேன். ஐயர் குரல் கொடுத்தால் பிரியமானவர்களே என்று முடிக்கிறார். மதினி குரல் கொடுத்தால் எனக்கு வாய்ப்பே தருவதில்லை. கோதுமை மாவு டின் பக்கத்தில் அம்மாவுக்கு எந்தக் குரலில் கேட்கிறதோ, அவள் சண்டை முடிந்து எழுந்திருக்கும்போது முகம் கழுவிய மாதிரி இருப்பாள், யாரோ உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டுப் போன மாதிரி. இரண்டும் ஒரு தலையில் நிற்காது என்றால் அந்தத் தலை எப்படி நிற்கிறது.

இப்போது என்ன சொன்னார்? மைக் கொஞ்சம் கிறீச்சிட்டது, அதற்கு நடுவில் ஐயரம்மா என்று கேட்டது. ஆமாம். அதாவது வந்து, எப்பவும் நாலாம் வார்த்தை பேசுதவன் நான், இந்த வருஷம் ஐயரம்மா போன் பண்ணி, மூணாவது நீங்க பேசுங்கன்னு சொன்னாவ, அதனால நிக்கேன். முடிந்தது. எனக்கு நேர் முன்னால், பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில், ஐயரம்மாவின் தலை. வெள்ளைச் சேலை முட்டாக்கு, அதற்குள் சின்னக் கொண்டை, அது அசையவில்லை, அசையாததுதான் பயம். பீடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் ஐயர் புருவத்தைத் தூக்கி மனைவியைப் பார்க்கிறார், நீயா என்கிற புருவம். அவர் எழுந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர்கள் இல்லையே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா அந்த நாற்காலியிலிருந்து எழுந்து எங்கே போய் உட்காருவாள், அத்தைமார் எல்லாம் தலையை ஒருக்களிப்பார்கள், அம்மா வீட்டுக்கு வந்து காலரைத் தேய்ப்பாள். ஆண்டவரே, இனிமேல் யார் குரலும் வேண்டாம், பூனை குரல்கூடச் செய்யமாட்டேன், செருமாமல் கேளும். ஐயரம்மாவின் முட்டாக்கு மெல்ல அசைந்தது. பக்கவாட்டில் இல்லை. மேலும் கீழும். ஒரே ஒரு தடவை. ஐயரின் புருவம் இறங்கிவிட்டது. இது எனக்கு விளங்கவில்லை, பெரிய வெள்ளிக்கிழமை, கோயிலுக்குள், ஐயரம்மா செய்யாத ஒன்றுக்குத் தலையாட்டுகிறார்கள்.

அண்ணாச்சி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவருடைய நாலாம் வார்த்தை எனக்கு மனப்பாடம், அதில் ஆண்டவர் பேசிய அரமேயு பாஷை வரும், கிரகணம் வரும், இரண்டு ஊருக்கு நடுவில் எத்தனை மைல் என்று வரும். மூன்றாவதில் அவருக்கு மைல் இல்லை. செருமினார். அதாவது வந்து என்றவர் அதற்கு அப்புறம் வரவில்லை, எனக்கு வாய்க்குள் ஊறியது, திங்கட்கிழமை இந்த முழிப்பைச் செய்து காட்டினால் வேன் மொத்தமும் விழும். அப்போது அவர் பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். எங்க அம்மா கடைசிக் காலத்துல எங்க வீட்லதான் இருந்தாவ என்றார். படுக்கையிலதான் எல்லாம். அந்தச் சீஷன் ஆண்டவரோட அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான்னு எழுதியிருக்கு, நானும் எங்க அம்மாவைக் கூட்டிட்டுத்தான் போனேன், ஊரெல்லாம் அதிசயராஜ் நல்ல மகன்னு சொன்னாவ. நான் காலைல மில்லுக்குப் போயிருவேன். அவியளுக்குத் தலை சீவிவிட்டது, பீ மூத்திரம் அள்ளினது எல்லாம் என் வீட்டுக்காரி. பெண்கள் பக்கம் எங்கோ பார்த்தார், அங்கே கடைசிப் பெஞ்சில் அவர் மனைவி தங்கபுஷ்பம் அத்தை இருப்பார்கள், ஒருநாளும் பேசிக் கேட்டதில்லை, அந்தக் குரல் என்னிடம் இல்லை. அந்தச் சீஷன் வீட்ல ஆண்டவரோட அம்மாவுக்கு யாரு சோறு போட்டான்னு எழுதல, அதாவது வந்து, எழுதாம விட்டுட்டாவ, இத்தனை வருஷத்துல நானும் அதைக் கேக்கல, இந்த வார்த்தைய என்கிட்ட யாரும் தந்ததில்ல. அவ்வளவுதான் பேசினார். ஆமென்கூடச் சொல்லாமல் இறங்கிவிட்டார். என் உதடு அவரோடு சேர்ந்து அசைவதை எப்போது விட்டது என்று தெரியவில்லை. மதினி, நீ அந்த ஃபேனுக்குக் கீழே கிடந்து இதைத் தவறவிட்டாய், பெண்ணியம் வந்தால் விசுவாசம் போய்விடும் என்ற மனுஷன் பெண்ணியம் என்ற சொல்லே தெரியாத மாதிரி அதைப் பேசிவிட்டு இறங்குகிறார், விசுவாசமும் எங்கும் போன மாதிரி இல்லை, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பெஞ்சில்தான் உட்காருகிறார்.

பாட்டு. முழங்கால். அம்மா ஏறினாள். படியில் கால் வைக்கும்போது சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள், வகுப்பு மேடையில் ஏறுகிற அதே பழக்கம். பேப்பர் இல்லை. நான் கணக்கு டீச்சர், என்றாள் அம்மா, மைக்கைத் தட்டவில்லை, சாக்பீஸ் சத்தத்துக்கு மேலே எழும்பிப் பழகிய குரல், ஒரு கணக்கு ஏன் அப்படி வருதுன்னு கேக்காத பிள்ளையைப் பத்தி எனக்குக் கவலை உண்டு, கேக்குத பிள்ளையைப் பத்திக் கவலை இல்லை. ஆண்கள் பக்கத்தில் அப்பா தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார், உதட்டோரம் மட்டும் மேலே போயிருந்தது. அம்மா சொன்னாள், சிலுவையில ஆண்டவர் கேட்டது ஒரு கேள்வி. எல்லாரும் பாத்துட்டு இருக்கையில, சத்தமா, ஏன்னு கேட்டார். வானத்துலருந்து பதில் வரல. ஆனா கேட்டது தப்புன்னும் வரல. என் தேவனேன்னு கூப்பிட்டுட்டுத்தான் கேக்கார், பிடிச்ச கைய விட்டுட்டுக் கேக்கல. அம்மா நிறுத்தினாள், அரிசி களைகிற இடத்தில் இந்த நிறுத்தம் இருந்ததில்லை.

"நம்ம வீடுகள்ல ஒரு பொம்பளை ஏன்னு கேட்டா, இவளுக்கு விசுவாசம் போதாதுன்னு சொல்லிருதோம். அப்படின்னா அங்க தொங்கினவரை என்னன்னு சொல்லுவோம்?"

யாரும் செருமவில்லை. நான் அதிசயராஜ் அண்ணாச்சியைப் பார்த்தேன், வந்த செருமலை அவர் விழுங்கிக்கொண்டார். அம்மா அதற்கப்புறம் நிறையப் பேசினாள், அந்தச் சின்னப் பிள்ளை வீட்டைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசினாள், விடியற்காலையில் தானும் கேட்பதாகவும் பதில் இன்னும் வரவில்லை என்றும், கேட்கிற இடம் மட்டும் அடைபடவில்லை என்றும் பேசினாள், எல்லாம் என் காதில் விழுந்தது, ஆனால் நான் கேட்டதெல்லாம் அந்த நிறுத்தத்தைத்தான். கோதுமை மாவு டின்னுக்குப் பக்கத்தில் நடக்கிற சண்டை முதல்முறையாக மைக்கில். பசிகூட இல்லை. இது என் தொண்டையிலிருந்து வந்த பதிலா, அம்மா கேட்டதற்கு வந்த பதிலா, ஆண்டவர் என் தொண்டையை எடுத்துக்கொண்டாரா, அப்படியானால் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம், அப்படியானால் அவரும் கேட்காமல் எடுக்கிற நம்ம கோஷ்டிதான். அம்மா இறங்கினாள். எல்லாரும் முழங்கால் போட்டார்கள். மௌன ஜெபம். என் நெற்றி முன்பெஞ்சின் முதுகில் சாய்ந்தது, பாலிஷ் வாசம், அதற்கு அந்தப் பக்கம் மிக அருகில் ஐயரம்மாவின் முட்டாக்கு. அது கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. திரும்பவில்லை.

"கெசியா. அன்னைக்கே போன்ல பாத்துட்டேன், நான் பேசாத பேச்சு ஒண்ணு அண்ணாச்சி நம்பருக்குப் போயிருக்கு. பிஸ்கட் எடுக்கப் போன நேரம்."

எனக்குக் கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. மன்னிச்சிருங்க ஐயரம்மா என்றேன், அது என் குரல் மாதிரியே இல்லை, யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் குரல்.

"கேட்டதுதான் கேட்ட. எனக்கும் ஒண்ணு கேட்டிருக்கலாம்லா. கல்யாணம் முடிஞ்சு வந்ததுலருந்து ஏழு சபை மாறியாச்சு, ஒரு வார்த்தையும் தரல. கஞ்சிக்கு உப்புப் பாக்கத்தான் கூப்புடுதாவ."

நான் மெதுவாக, எது வேணும் ஐயரம்மா என்றேன். அஞ்சாவது என்றார்கள், ஆண்டவர் தாகம் என்கிற வார்த்தை. சொல்லின் வாலை இழுக்கவில்லை. சரி, அடுத்த லெந்துக்கு நான் போன் பண்ணுதேன் என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் சற்றுமுன் பூனை குரல்கூட வேண்டாமென்று ஜெபித்தது ஞாபகம் வந்தது. முன்பெஞ்சு லேசாகக் குலுங்கியது, முழங்காலில் இருந்தபடியே ஐயரம்மா சிரிக்கிறார்கள், பெரிய வெள்ளிக்கிழமையில், சத்தமில்லாமல், வயிற்றால்.

"நீ வேண்டாம்ட்டி. நானே பேசிக்கிடுதேன்."

ஆர்மோனியம் அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடித்தது. ஐயரம்மா எழுந்தார்கள், முழங்கால் தூசியைத் தட்டினார்கள், பாட்டுப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை, முழு மூச்சையும் வெளியே விட்டுப் பாட ஆரம்பித்தார்கள், எனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத ஒரு பெரிய குரலில், நாலு பெஞ்சு தள்ளி இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்க.